கையெழுத்துப் போடாதே என்றவன்

எழுபதுகளின் கடைசியில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அரசாங்கப் பணிமனையில் எங்கள் தொழிற்சங்கக் கிளைக்கு நான்தான் செயலாளர். எனக்கு அப்போது வாய் நீளம். மண்டைக்கனம் அதைவிட அதிகம்.

எங்களில் பாதிப் பேர் நாள் சம்பளக்காரர்கள். இருபது வருஷம் உழைத்தாலும் பென்ஷன் கிடையாது. ஆள் போய்விட்டால் பெண்டாட்டிக்கு ஒன்றும் வராது. இதை மாற்றத்தான் சங்கம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் மேலிடம் எங்களைக் கூப்பிட்டுப் பேசாமலேயே ஆளுக்கொரு விண்ணப்பப் பாரம் அனுப்பியது. பென்ஷனுக்கு மாற விருப்பமிருந்தால் கையெழுத்துப் போடலாம். ஆனால் பழைய சர்வீஸ் சேராது.

அதெப்படி? சங்கம் கொதித்தது. தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் சேர்ந்து பேச என்ன இருக்கிறது? "நான் சொல்ற வரைக்கும் ஒருத்தனும் போடக்கூடாது" என்று பட்டறை முழுக்கச் சுற்றிச் சொன்னேன். யாராவது பயந்துபோய்ப் போட்டுவிடுவார்களோ என்று எல்லாப் பாரத்தையும் வாங்கிச் சங்க அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

முதலில் கொண்டுவந்து கொடுத்தவன் என் கூட்டாளி. வெல்டர். கிள்ளானிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். கூட்டம் என்றால் நாற்காலி போடுவதும் அவன்தான், கடைசியில் மடக்கி வைப்பதும் அவன்தான்.

"இந்தா செகரட்டரி. என் பொண்டாட்டியோட சோறு இதுல இருக்கு. பத்திரமா வெய்யி லா" என்று சிரித்தான்.

ஏழு மாதம் இழுத்தார்கள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சங்கத் தலைமையகத்திலிருந்து போன் வந்தது. ஜெயித்துவிட்டோம்! பழைய சர்வீஸையும் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதே பாரமெல்லாம் கையெழுத்தோடு மறுநாள் சாயங்காலத்துக்குள் ஆபீஸுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அலமாரியைத் திறந்தேன். வரிசையில் நின்று எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பாரம் மட்டும் மிஞ்சியது, என் கூட்டாளியுடையது. மாமியாரின் கருமாதிக்காக அவன் லீவில் இருந்தான். வீட்டில் போன் இல்லை.

நான் கிள்ளானுக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஒரு மணி நேரம்தான். ஆனால் அன்று சாயங்காலம் சங்க மண்டபத்தில் ஆட்டுக்கறி விருந்து. எனக்கு மாலை போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். சரி, காலையில் போகலாம் என்றிருந்தேன். காலையில் தலைமையகத்திலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள், கைகுலுக்கவும் படமெடுக்கவுமே பொழுது போய்விட்டது. போகட்டும், ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா நமக்குப் பழக்கமானவர், திங்கட்கிழமை கொடுத்தால் வாங்க மாட்டாரா என்று நினைத்தேன். பாவி, அப்படித்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை அவன் வந்து கையெழுத்துப் போட்டான். இருவரும் ஆபீஸுக்குப் போனோம். குமாஸ்தா பாரத்தைத் தொடக்கூட இல்லை. "சுடா துத்தூப், என்சிக்" என்று மலாயில் சொன்னார். மூடியாகிவிட்டது ஐயா, பாரமெல்லாம் மேலே போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

வெளியே வந்ததும் அழுதவன் நான்தான். அவன் பாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினான். "விடு லா. அடுத்த தடவ பேசறப்போ என்னையும் சேத்துப் பேசு."

பேசினேன். மனு மேல் மனு போட்டேன். பெட்டாலிங் ஜெயா, கோலாலம்பூர் என்று ஏறாத ஆபீஸ் படி இல்லை. ஒருவனுக்காகச் சட்டத்தை மாற்ற முடியாது என்றார்கள். அவன் கடைசிவரை நாள் சம்பளக்காரன்தான். சந்தா ஒரு மாதம்கூட நிறுத்தவில்லை. நாற்காலி போடுவதையும் நிறுத்தவில்லை. ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓய்வுக்குச் சில மாதமே இருந்தபோது, மாரடைப்பில் போய்விட்டான். பதினாறாம் நாள் கிள்ளானுக்குப் போனேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான் ஆயிற்று.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அவன் மனைவி ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். உள்ளே அந்தப் பாரம் இருந்தது.

"அண்ணே, இது அவரு அடையாளக் கார்டோட இருந்திச்சி. செகரட்டரி சொல்ற வரைக்கும் கொடுக்கக்கூடாதுன்னு எப்பவோ சொன்னாரு. கையெழுத்தெல்லாம் போட்டுத்தான் வெச்சிருக்காரு. இப்பக் கொடுக்கலாமா?"

இத்தனை வருஷமும் அவன் அவரிடம் ஒன்றுமே சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை.

"கொடுத்துப் பாக்குறேம்மா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.