நனைந்திருந்த நாலு வரிசை

மோட்டார் கொட்டாய்ச் சாவியை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. இடுப்பில் செருகியிருப்பேன். குளிக்கும்போது துவைக்கிற கல்லின்மேல் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொள்வேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றவள். கையில் புத்தகம் இல்லாதவளுக்கு யோசிக்க நேரம் அதிகம் கிடைத்துவிட்டதோ என்னவோ, கதவைப் பூட்டினேனா, அடுப்பை அணைத்தேனா, கரெண்டு வந்திருக்குமா என்று ஏதாவது ஒன்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட நான் ஒரு கோடையில் அந்தச் சாவியைக் கழற்றி இன்னொருத்தி கையில் கொடுத்தேன்.

எங்கள் ஊர் ஆந்திராவில், கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் போகும் பஸ் ரோட்டுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. மாமனாரின் அப்பா காலம்வரை எங்கள் ஜனத்தில் யாருக்கும் காணி நிலம் கிடையாது. கவர்ன்மெண்ட் கொடுத்த பட்டா நிலத்தை மாமனார் நடுவில் ஒரு வரப்பு போட்டு இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். போனவர் போனவர்தான்.

மழை பெய்யாமல் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பதமாகப் பெய்து ஏரியில் நின்ற மழை போய், ஒரே நாளில் கொட்டி, கரையை உடைத்துக்கொண்டு ஓடுகிற மழை வந்தது. அது முடிந்தால் பிறகு எட்டிப் பார்க்காது. கிணறு வற்றியது. ஆளுக்கொரு போர் போட்டோம். நிலம் சின்னது, அதனால் இரண்டு போரும் கூப்பிடு தூரத்தில்தான்.

என் வீட்டுக்காரர் நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போயிருந்தார். அந்த வருஷம் முதல்முறையாகக் கரும்பு நட்டோம். "கரும்பு வெட்டற மாதிரி வந்துச்சின்னா, நான் வந்துடறேன். அப்பால அங்க போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். வீட்டில் நானும் என் பிள்ளையும்தான். மற்றவர்களுக்குக் கரும்பைப் பார்த்தால் வெல்லம் தெரியும். எனக்கு அவர் தெரிவார்.

எங்கள் டிரான்ஸ்பார்மரில் ஐந்து மோட்டார்கள். கரெண்டு ஒரு வாரம் காலையில், ஒரு வாரம் மதியத்தில் வரும், அதிலும் சொன்ன நேரத்துக்கு வராது. அதற்காக எல்லோரும் மோட்டாரில் ஆட்டோ பெட்டி மாட்டியிருந்தோம். கரெண்டு வந்ததும் அது தானாகவே மோட்டாரைப் போட்டுவிடும், ஆள் போகவேண்டியதில்லை. ஐந்தும் ஒரே சமயத்தில் கிளம்பியதில் மாசி மாதம் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. லைன்மேன் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, அஞ்சு எருமைய ஒரே வாசல்ல ஒரே வாட்டி முடுக்கினா நெலவுகால் நிக்குமா? ஆட்டோ தீஸெய்யண்டி, கழட்டிப் போடுங்க. ஒருத்தர் போட்டப்பறம் ஒருத்தர் போடுங்க."

டிராக்டரில் ஏற்றிக்கொண்டுபோய் ரிப்பேர் செய்து கொண்டுவந்தார்கள். அன்றைக்கே ஐந்து குடும்பமும் பெட்டிகளைக் கழற்றி, கெங்கையம்மா கோயிலில் அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தோம். இனி யாரும் மாட்டுவதில்லை, கையால்தான் போடுவது. அக்கா என் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு கரெண்டுக்காகக் காத்துக்கிடப்பதே என் வேலையாகிவிட்டது. சித்திரை பிறந்ததும் மாம்பழ ஜூஸ் ஃபேக்டரியில் ஆள் எடுத்தார்கள். உரம் வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பொழுது சாயும்போது இறக்கிவிடும். போகாவிட்டால் உரம் இல்லை, போனால் மோட்டார் போட ஆள் இல்லை. வரப்பில் உட்கார்ந்து இதையே புலம்பிக்கொண்டிருந்தேன்.

"ஏன்டி இப்டி பயந்துக்கினே கீற?" என்றாள் அக்கா. "நான் இங்கதான கெடக்கறேன். என்து போட்டு கொஞ்சம் கழிச்சி உன்து போடறேன். சாவியக் குடுத்துட்டுப் போ."

"மறந்துட்டன்னா க்கா?"

"மறக்கறதுக்கு நான் இன்னா என் புருஷனா, பெங்களூரு போயிட்டு ஊரையே மறக்கறதுக்கு?" என்று அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். சாவியைக் கொடுத்தேன்.

ஃபேக்டரியில் எனக்குப் பழம் கழுவும் வேலை. ஹோஸ் பைப்பைப் பிடித்து அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். கணுக்கால்வரை தண்ணீர் ஓடிச் சாக்கடைக்குப் போகும். இது என் கரும்புக்குப் போனால் என்ன என்று முதல் நாள் நினைத்தேன், பிறகு நினைப்பதை விட்டுவிட்டேன். சாயங்காலம் வேனைவிட்டு இறங்கியதும் நேராக நிலத்துக்குத்தான் போவேன். செருப்பைக் கழற்றிவிட்டு முன்வரிசையில் காலை வைப்பேன். மண் சில்லென்று சேறாக இருக்கும். அப்பாடா என்று மூச்சு வரும். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு ஆக்கவேண்டுமே, அதனால் உள்ளே போய்ப் பார்க்கமாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பின்னால் போய்ப் பார்த்தேன். தோகை மஞ்சளாகி, நுனி காய்ந்து சுருண்டிருந்தது.

"உன் போரு எடுக்கலடி" என்றாள் அக்கா. "செத்த நேரம் வருது, அப்பால காத்துதான். முன்வரிசைய நனைக்கறதுக்குள்ள நின்னுடுது. நான் இன்னா செய்யட்டும்?"

அன்றைக்குப் பிடித்த பயம்தான். ஊற்று போய்விட்டதா, மோட்டாரா, குழாயில் ஓட்டையா? வீட்டுக்காரருக்கு போன் செய்து அழுதேன். "சரி, இன்னா பண்றது" என்றார். வந்துடறேன் என்று அந்தத் தடவை சொல்லவில்லை.

ஒருநாள் பழ லாரி வரவில்லை. ஃபேக்டரி வாசலிலிருந்தே வேனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மதியம் நிலத்துக்குப் போனேன். கரெண்டு இருந்தது. அக்காவின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அவள் கால்வாயில் தண்ணீர் தளும்பிப் போனது. என்னுடையது ஊமையாக இருந்தது. காற்றாவது வருகிறதா என்று குழாய் வாயில் கையை வைத்தேன். உள்ளே மண் தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தால் குளவிக்கூடு. நன்றாகக் காய்ந்து, வாய் அடைத்து, பக்கத்தில் இன்னொன்றும் கட்டத் தொடங்கியிருந்தது. தண்ணீர் வருகிற குழாயில் குளவி குடித்தனம் செய்யாது.

அப்படியானால் முன்வரிசையில் ஈரம் எப்படி வந்தது? வரப்போரமாகப் பார்த்துக்கொண்டே போனேன். நடு வரப்பில் ஒரு கை அகலத்துக்கு வெட்டி, மறுபடி சேறும் புல்லும் வைத்து அடைத்திருந்தது. அவள் கால்வாயிலிருந்து என் முன்பக்கத்து நாலு வரிசைக்கு மட்டும் தண்ணீர் பாய்ந்திருந்தது. ஐந்தாவது வரிசை ஓடாக வெடித்துக் கிடந்தது.

அக்கா மண்வெட்டியோடு கரும்புக்குள்ளிருந்து வந்தாள்.

"வேன் திரும்பிடுச்சா?"

"என் பைப்புல குளவி கூடு கட்டிக்கீது க்கா."

அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள். கால்வாயில் குனிந்து கையைக் கழுவினாள். ஒவ்வொரு விரலாகக் கழுவினாள். "சரி, தெரிஞ்சிடுச்சி. அப்பால இன்னா மறைக்கறது" என்று இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். நான் செருகுவது போலவே செருகியிருந்தாள். "நீயே போட்டுப் பாரு."

போட்டேன். மோட்டார் உறுமியது, குழாய் இரண்டு முறை இருமிக் குளவிக்கூட்டைத் துப்பியது. பின்னாலேயே தண்ணீர் வாய் கொள்ளாமல் கொட்டியது. என் போர் சாகவில்லை. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. அதற்குள் வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் குழாய் கொரகொரவென்று இழுத்தது. தண்ணீர் மெலிந்து, கயிறாகி, காற்றாகியது.

"பாத்தியா?" என்றாள். "ரெண்டும் ஒரே ஊத்து. இந்த வெயில்ல ரெண்டும் ஓடினா ரெண்டு கரும்பும் சாவும். உனக்கு மாசா மாசம் உன் புருஷன்கிட்டேர்ந்து பணம் வருது. எனக்கு யாரு கீறாங்க?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே க்கா."

"சொன்னா வுட்டுக்குடுத்திருப்பியா? தூங்காம யோசிச்சி யோசிச்சி, கடைசில மாட்டேன்னு சொல்லியிருப்ப."

அது உண்மைதான். இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான்.

"அப்ப அந்த நாலு வரிசைக்கு மட்டும் ஏன் வுட்ட?"

"சாயங்காலம் வந்து கால வெச்சிப் பாப்பியே. பாவமா இருந்துச்சி" என்றாள்.

நான் மோட்டாரை அணைக்கவில்லை. அவளும் அணைக்கவில்லை. அன்றைக்குக் கரெண்டு போகும்வரை இரண்டும் ஓடின, இரண்டும் பாதி தண்ணீர் பாதி காற்றாக இழுத்தன. ஃபேக்டரியை விடவும் முடியாது, இனி யாரையும் நம்பவும் முடியாது. கெங்கையம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு என் ஆட்டோ பெட்டியை எடுத்துவரலாம் என்று கோயிலுக்குப் போனேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தேன்.

அம்மன் காலடியில் ஒரே ஒரு பெட்டி இருந்தது. என்னுடையது. அதன்மேல் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பியிருந்தன.

"மத்ததெல்லாம் எங்க சாமி?" என்று பூசாரியைக் கேட்டேன்.

"அத அப்பவே எடுத்துக்கினு பூட்டாங்களேம்மா. ரெண்டாம் நாளே மொதல்ல உங்க ஓரகத்திதான் வந்துச்சி. அப்பால ஒருத்தர் பின்னால ஒருத்தர். நீ மட்டும் வரலையேன்னு நானே நெனச்சேன். வேணாம்போலன்னு வுட்டுட்டேன்."

அக்கா கரெண்டுக்காகக் காத்துக்கிடக்கவேயில்லை. கரெண்டு வந்ததும் அவள் மோட்டார் தானாக ஓடியது, ஊரில் எல்லோருடையதும் ஓடியது. அம்மனுக்குப் பயந்தவள் நான் ஒருத்திதான். பெட்டியைத் துடைத்து எடுத்துவந்தேன். மாட்டினேன். ஒரு வாரம்கூட ஓடவில்லை. டிரான்ஸ்பார்மர் மறுபடியும் எரிந்தது. இந்தத் தடவை தூக்கிக்கொண்டுபோக ஐந்து பேரும் ஒன்றுசேரவில்லை. நீ மாட்டினாய், அவன் மாட்டினான் என்று கோயில் வாசலில் கல்லெடுத்து அடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு மண்டை உடைந்தது. ரிப்பேராகி வருவதற்குள் என் கரும்பு தோகையோடு சருகாகிவிட்டது. அக்காவுக்குப் பாதி தப்பியது.

வெட்டிய சருகை மாட்டுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். "நீயும் இங்கயே வந்துடு" என்றார். கொட்டாயைப் பூட்டிவிட்டுப் பிள்ளையோடு கிளம்பினேன். அக்கா தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வரும்வரை நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

நாயுடுபேட்டையில் லைன் வீடு. எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே குழாய். தண்ணீர் எப்போது வரும் என்று அங்கேயும் யாருக்கும் தெரியாது. எனக்கும் கம்பெனியில் கூட்டும் வேலை கிடைத்தது. முதல் வாரம், வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று குழாயடியில் தவித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுப் பெண், நெல்லூர்ப் பக்கத்தவள், சிரித்த முகம். என் குடத்தைப் பிடித்துக்கொண்டு, "நுவ்வு போ அக்கா, நேனு பட்டி பெடதானு" என்றாள். நீ போ, நான் பிடித்து வைக்கிறேன் என்று.

அவள் நல்லவளாகவே இருக்கலாம். நான் குடத்தை அவள் கையிலிருந்து வாங்கி என் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. குழாய் எப்போது இருமும் என்று காதைத் தீட்டிக்கொண்டு, அங்கேயே நின்றேன்.