இருபத்து நாலு பிட் சந்தேகம்

எனக்குச் சந்தேகம் தொழிலோடு வந்தது. ஜவ்வாது மலையில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை போட்டீர்களா என்று கேட்டால் எல்லாக் கர்ப்பிணிகளும் "போட்டேன் நர்சம்மா" என்றுதான் சொல்வார்கள். நான் அட்டையை எடுத்து வரச் சொல்லிப் பார்ப்பேன். ஒருமுறை நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு மாத மாத்திரையும் பிரிக்காமல் சாமைப் பானைக்குள் இருந்தது. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன். வெளியில் இது நல்ல பழக்கம். அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தேன்.

வீட்டில் நானும் என் கணவரும்தான். ஒரே மகள் வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவர் இங்கே உண்டு உறைவிடப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இருவருக்கும் சொந்த ஊர் மலைக்குக் கீழே, கலசப்பாக்கம் பக்கம். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். அவருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. பாட்டு மட்டும்தான். அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதும், போதும் என்றாகிவிட்டது எனக்கு.

எல்லோரையும் போலப் போனில் கேட்டுத் தொலைக்கலாம். ஆனால் இங்கே சிக்னல் என்பது புளியமரத்தடியில் போய் நின்றால் ஒரு கோடு, நகர்ந்தால் அதுவும் இல்லை. அதனால் கீழே போகும்போதெல்லாம் பாட்டுகளை இறக்கி மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு வருவார். அதற்கென்று தனியாக ஒரு பிளேயரை வரவழைத்தார். கறுப்பு உலோகப் பெட்டி. பக்கவாட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தங்க நிறத்தில் ஒரு திருகு குமிழ். போன் மாதிரி இருக்கும், போன் பேசாது. கையில் எடுத்தால் படிக்கல் மாதிரி கனக்கும், கொஞ்ச நேரம் பாடினால் சூடாகிவிடும். விலையைக் கேட்டேன். அவர் சொன்ன விலைக்கு இரண்டு கறவை மாடு வாங்கலாம். உண்மை விலை அதற்கும் மேலே இருக்கும் என்பது என் கணிப்பு.

"அப்டி இன்னாங்க இருக்குது இதுல?" என்றேன்.

வாத்தியார் அல்லவா, சந்தோஷமாக விளக்கினார். "எம்பி3-ல காதுக்குத் தெரியாதுன்னு சொல்லி முக்கால்வாசியத் தூக்கிப் போட்டுடுவான். இது ஹை-ரெஸ். இருபத்து நாலு பிட். ஸ்டூடியோல பாடனது எதுவும் குறையாம அப்டியே இருக்கும்."

"காதுக்குத் தெரியாததுன்னா அது எதுக்குங்க நமக்கு?"

"கேட்டாத்தான் தெரியும்" என்று என் காதில் மாட்டிவிட்டார். நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மாட்டு அளவுக்கு நன்றாக இல்லை.

சந்தேகத்தில் அவரும் எனக்குச் சளைத்தவர் இல்லை. சாதா எம்பி3-ஐப் பெரிய ஃபைலாக மாற்றி ஹை-ரெஸ் என்று விற்கிற ஆட்கள் இருக்கிறார்களாம். புதிதாக வாங்கிய ஒவ்வொரு பாட்டையும் லேப்டாப்பில் போட்டு வரைபடமாக்கிப் பார்ப்பார். நல்ல பாட்டு என்றால் கோடுகள் மேலே வரை போக வேண்டும். போலி என்றால் வேலி வெட்டிய மாதிரி ஒரே மட்டத்தில் நின்றுவிடும். கடந்த ஒரு வருஷமாக அவருக்கு எல்லாமே போலியாகத் தெரிந்தது. "மங்கலா இருக்குது. ஏமாத்தறானுங்க" என்பார். வரைபடம் சரியாக இருந்தால் இயர்போன் மேல் பழி. அதை மாற்றினால் அதன் ரப்பர் முனை சரியில்லை. மேசை டிராயரில் விதவிதமான ரப்பர் முனைகள் புளியங்கொட்டை மாதிரி குவிந்து கிடந்தன.

ஒருநாள் துணி அடுக்கப் பீரோவைத் திறந்தேன். உள்ளிருந்து ஒரு பெண் பாடினாள். சன்னமான குரல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருடைய வேட்டிகளுக்கு நடுவில், கைக்குட்டையில் சுற்றி, பிளேயரும் புது இயர்போனும். ஆள் பள்ளிக்கூடத்தில், பாட்டு பீரோவில். யாருக்காக? சாயங்காலம் பிடித்துக் கேட்டதற்கு, புது இயர்போனை நூறு மணி நேரம் பாடவிட்டால்தான் அதன் சத்தம் பழகும் என்றார். உலகத்தில் யார் நம்புவார்கள் இதை? வேட்டி ஒவ்வொன்றையும் உதறிப் பார்த்தேன். வேறொன்றும் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இதெல்லாம் சில்லறைச் சண்டை. உள்ளே அரித்துக்கொண்டிருந்தது வேறு. அவர் என் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டார். கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவார், அதுவும் இயர்போன் மாட்டாத நேரத்தில். பால் அடுப்பில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். திரும்பி வந்தால் பாத்திரம் கரியாகியிருந்தது. "நீ சொன்னது கேக்கலியே" என்றார். புல்லாங்குழல்காரர் மூச்சு வாங்குவது கேட்கிறதாம், நாலடியில் நிற்கும் பெண்டாட்டி சொல்வது கேட்கவில்லையாம். கேட்காத மாதிரி இருக்கப் பழகிவிட்டார் என்று முடிவு கட்டினேன். இருபது வருஷம் என்னோடு பேசிப் பேசி இந்த மனுஷனுக்கு நான் சலித்துப்போய்விட்டேனா? என் குரலை அடைப்பதற்குத்தான் இந்தப் பெட்டியா? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

அந்தப் பெட்டியைப் பொய்யென்று நிரூபித்துவிட்டால், பிறகு எதற்காகக் காதை அடைத்துக்கொள்கிறார் என்ற உண்மை அவர் வாயிலிருந்து வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஐப்பசி மாதக் கூட்டத்துக்குக் கீழே போன நாளில், அவருடைய இரண்டு மெமரி கார்டுகளில் ஒன்றை ஊசிப் பெட்டிக்குள் பஞ்சோடு பஞ்சாக வைத்து எடுத்துப் போனேன். கலசப்பாக்கத்தில் அவர் வழக்கமாகப் போகும் மொபைல் கடை. கடைக்காரருக்கு எங்கள் இருவரையும் தெரியும்.

"வாங்கக்கா. இன்னா, சார் வரலியா?"

"வரலப்பா. இதுல இருக்கற முதல் பத்துப் பாட்டை எம்பி3-யா குறைக்கணும். ஆனா பார்த்தா தெரியக்கூடாது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நல்ல பாட்டை ஏங்கா கெடுக்கறீங்க?"

"சும்மா, ஒரு பரீட்சை."

"சார் வாத்தியாருன்னா நீங்க அதுக்கு மேல இருக்கறீங்களே" என்று சிரித்துவிட்டு, பாட்டுகளைச் சின்னதாக்கி, திரும்ப அதே பெயரில் பெரிய ஃபைலாக்கிவிடலாம், திரையில் ஹை-ரெஸ் என்றே காட்டும் என்றார். சந்தை நாள், கடையில் கூட்டம். ஒரு கையில் யாருக்கோ ரீசார்ஜ் செய்துகொண்டே இதையும் செய்து முடித்தார். நான் கடைசி ஜீப்பைப் பிடிக்க ஓடினேன். போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே கார்டு அதன் இடத்துக்குப் போய்விட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, அந்தப் பத்துப் பாட்டில் முதல் பாட்டைப் போட்டார். நான் எதிரில் உட்கார்ந்து மொச்சை உரித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு முடிந்தது. இரண்டு. மூன்று.

"எப்டி இருக்குது?" என்று கையாட்டிக் கேட்டேன்.

"பக்கத்துல உக்காந்து பாடற மாரி இருக்குது" என்றார்.

அகப்பட்டார் என்று எனக்குள் ஒரே கும்மாளம். இரண்டு மாட்டுப் பெட்டியும் பொய், இருபத்து நாலு பிட்டும் பொய். உடனே உடைக்க மனம் வரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆற அமர உட்கார்ந்து விசாரிக்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

காலையில் அவர் குளிக்கப் போன நேரத்தில், நான் கெடுத்த பாட்டு எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க இயர்போனை எடுத்து மாட்டினேன். இடது காதில் மட்டும் பாடியது. வலது காதில் ஒன்றுமே இல்லை. இயர்போன் கெட்டுவிட்டது, அந்தப் பழியும் என் மேல்தான் விழும் என்று பயந்து அடுத்த இயர்போனை மாட்டினேன். அதிலும் இடது மட்டும். பதினோராவது பாட்டைப் போட்டேன், கடைக்காரர் தொடாத பாட்டு. இரண்டு பக்கமும் பாடியது. திரும்ப முதல் பாட்டு. வலது பக்கம் சுத்தமாக அமைதி.

செருப்பைக்கூட மாட்டாமல் புளியமரத்தடிக்குப் போய்க் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"ஐயோ அக்கா! அவசரத்துல ஒரு பக்கத்த மட்டும் எடுத்து ஏத்திட்டேன் போலருக்குது. சார் காதுல மாட்டனதும் கத்தியிருப்பாரே?"

"இல்லப்பா."

"இன்னாது, ஒண்ணுமே சொல்லலியா?"

"இல்லப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அரிசிமணி அளவு வித்தியாசத்தைக்கூட வரைபடம் போட்டுத் தேடுகிற மனுஷன், பாதிப் பாட்டு காணாமல் போனதை ஒரு சாயங்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தபோது அவர் மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கைக்குழந்தைகளுக்குச் செய்கிற சோதனையைச் செய்தேன். பின்னால் போய் வலது காதுக்குப் பக்கத்தில் இரண்டு விரலை உரசினேன். பேனா நிற்கவில்லை. "இன்னாங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். பேனா நிற்கவில்லை. இடது பக்கம் போய் விரலை உரசியதும் தலையைத் தூக்கி, "இன்னா, விளையாட்டா?" என்றார்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். கார்டைத் திருடியது, பாட்டைக் கெடுத்தது, நேற்று அவர் முகத்தைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"முதல்ல பாட்டுதான் மங்கலா இருக்குதுன்னு நினைச்சேன். ஃபைலு போலின்னு நினைச்சேன். அதான் அதை மாத்தனேன், இதை மாத்தனேன். அப்புறம் ஒருநாளு இயர்போனை இடம் மாத்தி மாட்டிப் பார்த்தேன், அப்பவும் வலது காதுலதான் மங்கலு. பாட்டு நல்லாத்தான் இருந்திச்சி."

"தெரிஞ்சும் ஏங்க என்கிட்ட சொல்லல? நான் இன்னா வேலை பாக்கறேன்?" குரல் உயர்ந்துவிட்டது எனக்கு.

"சொன்னேனே" என்றார்.

"எப்ப?"

"போன வருஷம் ஆடியில. ஜீப்புல."

ஞாபகம் வந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் கீழே போய்விட்டு ஷேர் ஜீப்பில் நெருக்கியடித்து வந்தோம். என் பக்கம் சாய்ந்து, "வலது காது அடைச்ச மாரியே இருக்குதும்மா, பாக்கறியா" என்றார். நான் ஜீப்புக்கே கேட்கிற மாதிரி, "அடுத்த இயர்போன் வாங்கறதுக்கு இது ஒரு சாக்காங்க?" என்றேன். ஜீப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். ஊரில் உள்ள குழந்தைகளின் காதையெல்லாம் டார்ச் அடித்துப் பார்க்கிறவள் நான். அந்த ஒரு காதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாளே லீவு போட்டு வேலூருக்கு அழைத்துப் போனேன். ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டர் கருவியெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, என் வேலை என்ன என்றும் விசாரித்தார். பிறகு, "எத்தனை நாளா இப்படி இருக்குது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "ரெண்டு வாரமாத்தாங்க டாக்டர். திடீர்னு."

எதற்காக அந்தப் பொய் என்று எனக்குத் தெரியும். வீட்டிலேயே நர்சு இருந்தும் இவ்வளவு நாளா என்று டாக்டர் என்னைக் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு வாரக் காதுக்கு ஒரு வைத்தியம், வருஷக்கணக்கான காதுக்கு வேறு வைத்தியம். டாக்டர் ஏற்கெனவே சீட்டில் எழுத ஆரம்பித்திருந்தார்.

"இல்லிங்க டாக்டர். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆரம்பத்துலயே என்கிட்ட சொன்னாரு. நான்தான் நம்பல" என்றேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். நான் என் கணவருக்கு வலது பக்கத்தில் நின்றிருந்தேன். டாக்டரின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் திரும்பி, "இன்னா சொன்ன?" என்று கேட்டார்.

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் நின்று, அதையே மறுபடியும் அவருக்குச் சொன்னேன்.