மண் தின்ற துணி

புதுச்சேரியில் மண் பரிசோதிக்கும் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் மஞ்சள் பை. வயலில் புதைத்து எடுத்துவரச் சொல்லி இவர்கள் தந்த பருத்தித் துணி அதில் இருக்கிறது. மண் செத்துப்போச்சு, மனை போட்டு விற்றுவிடலாம் என்கிறான் மகன். இன்று தெரிந்துவிடும்.

ஆபீஸ் பெண் பையைப் பிரிக்கிறாள். ஓரத்து நைலான் தையல்தான் மிச்சம்.

"துணி எங்க ஆயா?"

"கந்தலாப் பூடுச்சும்மா. எங்க வீட்டுத் துணின்னா இப்டி விட்டிருக்க மாட்டேன்."

அவள் சிரிக்கிறாள். "மண்ணுல கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருங்க இருக்கு, அதுங்க தின்னுடுச்சு. தழை, சருகெல்லாம் தின்னு பயிருக்குச் சத்தாக்குறதும் அதுங்கதான். துணி முழுசா இருந்தாதான் செத்த மண்ணு."

அப்பாடா என்று சுவரில் சாய்கிறேன். தையல் நூலைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொள்கிறேன். மனை அளக்க மகன் நூல் பிடிப்பதென்றால், இதைப் பிடித்துக்கொள்ளட்டும்.