பிர்யால் வீட்டுக் கல்யாணம்

ஐம்பத்து மூன்று வயதில் பிர்யாலுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்த அன்று எங்கள் அகதி முகாமில் ஒருத்தருக்கும் வேலை ஓடவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் என்று நேரம் போட்டிருந்தது. 'பிர்யால் வீட்டு விசேஷம்' என்று தங்க எழுத்து மின்னியது. பெண் பெயர் போடாத பத்திரிகை எங்களுக்குப் புதிதில்லை. மாப்பிள்ளை பெயர் போடாத பத்திரிகையை யார் கண்டது?

பக்கத்து வீட்டு உம்மு வஜ்தி தையல் கடைக்கே ஓடி வந்தாள். "அடிப் பாவி, யாருடி அந்த ஆளு? ரொட்டிக்கடை அபு சக்ரா?"

"வெள்ளிக்கிழமை வா, காட்டறேன்" என்றாள் பிர்யால், வாயில் குண்டூசியோடு.

முப்பது வருஷமாக இந்த முகாமின் கல்யாணப் பெண்களுக்கெல்லாம் உடை தைத்தவள் அவள்தான். ஒரு கல்யாணம் விடாமல் மொய்யும் வைத்தாள். எங்கள் ஊரில் மொய்யை மைக்கில் கத்திச் சொல்வார்கள். அது அபு சக்ரின் வேலை, அவருக்கு அப்படி ஒரு தொண்டை. "உம்மு வஜ்தி வீட்டு மொய்! அல்லா ஈடு செய்யட்டும்!" என்பார். உம்மு வஜ்தி என்றால் வஜ்தியின் அம்மா. மூத்த பிள்ளை பிறந்துவிட்டால் தாய்க்குப் பிள்ளை பெயர்தான் பெயர். பிர்யாலுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அதனால் அவள் முறை வரும்போது மட்டும் "தையல்கார பிர்யால்" என்று மொட்டையாக விழும். போன மொய் எதுவும் திரும்பி வந்ததும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், முகாம் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சர்க்கஸ் வகுப்பு நடத்தும் வாத்தியார் உபைதா அவள் கடைக்கு வந்து, கட்டைக்கால் கட்டி நடக்கிற பிள்ளைகளுக்குக் கால்சட்டை கேட்டான்.

"ரெண்டு மீட்டர் காலா? மனுஷனுக்கா, ஒட்டகத்துக்கா?"

"வந்து பாருங்க அத்தை."

போய்ப் பார்த்தாள். அவ்வளவுதான், ஆளே மாறிப்போனாள். இரண்டாம் வாரம் நூல்கண்டுகளை மேலே போட்டுப் பிடித்தாள். அடுத்த வருஷம் தானே கட்டைக்கால் ஏறினாள். அங்கே இருபத்திரண்டு பிள்ளைகள், எல்லாம் இந்தச் சந்துகளில் முளைத்ததுகள். வாத்தியார் சம்பளமும் கூடத்து வாடகையும் வெளிநாட்டு நன்கொடையில் ஓடிக்கொண்டிருந்தன. இந்த வசந்தத்தில் மரியாதையான ஒரே ஒரு கடிதத்தோடு அது நின்றது.

"மாசக் கடைசியோட பூட்டிடறோம் அத்தை" என்றான் உபைதா.

பிர்யாலுக்கு வந்ததே கோபம்! "பூட்டுவியா? அப்ப என் முப்பது வருஷ மொய் என்னாகிறது?" அன்றைக்கே பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தெருவெல்லாம் நாற்காலி. கையில் கவரோடு முகாமே வந்து உட்கார்ந்துவிட்டது. அபு சக்ர் மழமழவென்று சவரம் செய்து, புதுக் கோட்டுப் போட்டு வந்தார். அவருக்கு முன்னால் அவர் அத்தர் வந்தது. உபைதாவின் காதருகே குனிந்து, "தம்பி, மாப்பிள்ளை நாற்காலி எது?" என்றார். அந்தப் பையன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

சந்துக்குள்ளே பிர்யாலுக்கோ ஒரே பயம். மாப்பிள்ளை இல்லை என்று தெரிந்து கவரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டால் வகுப்பும் போச்சு, மானமும் போச்சு. பேசாமல் ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் மேளம் முழங்கிவிட்டது.

வந்தாள் பாருங்கள்! தானே தைத்த வெள்ளை உடையில், கட்டைக்காலில், மின்கம்பிக்குக் குனிந்து குனிந்து. பின்னாலேயே இருபத்திரண்டு பிள்ளைகளும் குட்டிக்கரணம் போட்டு வந்தார்கள்.

"மாப்பிள்ளை கிடையாது!" என்று மேலேயிருந்து கத்தினாள். "உங்க எல்லார் கல்யாணத்துக்கும் மொய் வச்சேன். எனக்கு இருக்கிறது இந்த இருபத்திரண்டுதான். இதுங்க தொடர்ந்து கத்துக்கிறதுக்கு வையுங்க. மனசில்லேன்னா குனாஃபா இனிப்பைத் தின்னுட்டுப் போங்க!"

உம்மு வஜ்தி விருட்டென்று எழுந்தாள். "ஏமாத்துக்காரி!" என்றாள். பிர்யால் கட்டைக்காலோடு ஓர் அடி பின்வாங்கினாள். "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா கவரைக் கனமா கொண்டு வந்திருப்பேனே!" என்று கையிலிருந்த வளையலைக் கழற்றிக் கவர்மேல் வைத்தாள்.

அப்புறம் பெண்கள் போட்ட குலவை நாப்லூஸ் நகரம் வரைக்கும் கேட்டிருக்கும். வரிசை சந்து முனையைத் தாண்டியது. எல்லோரும் அபு சக்ரைப் பார்த்தார்கள். அவர் கோட்டை ஒருமுறை தடவிக்கொண்டார், பெருமூச்சு விட்டார், மைக்கை எடுத்தார்.

"உம்மு வஜ்தி வீட்டு மொய்! யார் வீட்டுக்கு?" என்று நிறுத்தி, தலைக்கு மேலே நின்றவளை அண்ணாந்து பார்த்தார். "உம்மு சர்க்கஸ் வீட்டுக்கு! அல்லா ஈடு செய்யட்டும்!"

பிர்யால் பொலபொலவென்று அழுதாள். விழாமல் நிற்கக் கைகள் இரண்டையும் விரித்திருந்ததால் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை.

"இறங்கும்மா, கோட்டு நனையுது" என்றார் அபு சக்ர்.

"இன்னொரு தடவை சொல்லுங்க, இறங்கறேன்."