ஐம்பத்து மூன்றில் வெள்ளை

அந்த வருடமே நான் செத்துப்போகப் போகிறேன் என்ற செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான்காவது இட்லியை முடித்த கையோடு எனக்குக் கிடைத்தது. கை கழுவக்கூட இல்லை. மருத்துவர் சொல்லவில்லை, ஜோசியர் சொல்லவில்லை. என் மகளின் மடிக்கணினி சொன்னது.

மகள் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆய்வு மாணவி. அவள் செய்வதற்கு வரிசைப் பகுப்பாய்வு என்று பெயர். ஒரு மனிதனை உட்காரவைத்து, பதினைந்து வயதிலிருந்து ஒவ்வொரு வருடமும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்க வேண்டும். படித்த வருடத்துக்கு நீலக் கட்டம். வேலை தேடி அலைந்த வருடத்துக்குச் சாம்பல். வேலை பார்த்த வருடத்துக்குப் பச்சை. வேலையோடு குடும்பமும் சேர்ந்துகொண்டால் அடர் பச்சை. கட்டங்களை இடமிருந்து வலமாக ஒட்டினால் ஆள் ஒரு ரிப்பன் ஆகிவிடுவான். பிறகு ஒரு ரிப்பனை இன்னொரு ரிப்பனாக மாற்ற எத்தனை கட்டங்களை வெட்ட வேண்டும், எத்தனையைச் செருக வேண்டும், எத்தனைக்கு நிறம் மாற்ற வேண்டும் என்று கணினி கணக்குப் போடும். கொஞ்சம் மாற்றினால் போதுமென்றால் இருவரும் ஒரே கூட்டம். நிறைய மாற்ற வேண்டுமென்றால் வேறு கூட்டம்.

"அப்ப என்னை எங்க ஜெனரல் மேனேஜரா மாத்த எத்தனை கட்டம் மாத்தணும்?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்தான்ப்பா."

"எந்தெந்தக் கட்டம்?"

"அரே, அது தெரிஞ்சு இனிமே என்ன பண்ணப் போறீங்க?"

நான் ஹைதராபாத்தில் பாலாநகர்ப் பக்கம் ஒரு அரசு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஒரே வயதில், ஒரே நாளில் பயிற்சி ஊழியர்களாகச் சேர்ந்த கும்பல் ஒன்று அங்கே உண்டு. இன்றும் ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒரே மேலதிகாரியைத் திட்டி, ஒரே மாத்திரையைப் போட்டுக்கொள்கிறோம். எங்களுக்கு முன்னால் சேர்ந்து ஓய்வு பெற்றவர்களின் வாழ்க்கையையும் எங்கள் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் மகளின் ஆய்வு. நாங்கள் இல்லாவிட்டால் ஒப்பிட ஆளில்லை. அதனால் நானே ஒவ்வொருத்தனாகப் பிடித்து அவளிடம் பேச வைத்தேன். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் போகாது, பெயர் எங்கும் வராது, வேண்டாம் என்றால் எந்த நாளும் விலகிக்கொள்ளலாம் என்று அவள் எல்லாரிடமும் உறுதி சொன்னாள். "என் பொண்ணு, நான் ஜாமீன்" என்று நானும் மார்தட்டினேன். வருகிற வியாழக்கிழமை அவள் வழிகாட்டிக்கும் வேறு இரண்டு பேராசிரியர்களுக்கும் முன்னால் இதையெல்லாம் காட்ட வேண்டும். காட்டினால்தான் ஆய்வு அடுத்த கட்டத்துக்குப் போகும்.

ஞாயிறு காலை அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போனாள். சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினி திறந்திருந்தது. பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தாள். அதனால்தான் பார்த்தேன்.

திரையில் இரண்டு அடுக்குகள். மேலே மூத்தவர்கள், கீழே நாங்கள். ரிப்பன்களில் பெயர் இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. அடியில் வயது, பதினைந்திலிருந்து அறுபது வரை. மூத்தவர்களின் ரிப்பன்கள் கடைசிவரை நிறத்தோடு ஓடின. எங்கள் ரிப்பன்கள் நீலமாகக் கிளம்பி, சாம்பலில் கொஞ்சம் தடுக்கி, பச்சையாகி, அடர் பச்சையாகி, ஐம்பத்து மூன்று வந்ததும் கத்தரிக்கோலால் நறுக்கியது போல எல்லாமே ஒன்றாக நின்றன. அதற்கப்பால் வெள்ளை. ஒருத்தனாவது தப்பித்திருக்கிறானா என்று மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தேன். ஒருத்தனும் இல்லை.

எனக்கு ஐம்பத்து மூன்று நடக்கிறது.

என் தொழிலை இங்கே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என்னை வெறும் முட்டாள் என்று நினைப்பீர்கள். நான் அனுபவமுள்ள முட்டாள். மின்னணுப் பெட்டிகளைச் சூட்டறைக்குள் அடைத்து, இரவு பகலாக ஓடவிட்டு, எது எப்போது உயிரை விடுகிறது என்று பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு பெட்டிக்கும் திரையில் ஒரு கோடு ஓடும். கோடு நின்றால் பெட்டி போய்விட்டது. உடனே 'டெட்' என்று எழுதி அடுத்ததைப் பார்ப்பேன். எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் நின்றால் இன்னும் சுலபம்: அந்த லாட்டில் வந்த பாகமே மட்டம்.

ஆக, எங்கள் லாட்டே மட்டம். கேண்டீன் எண்ணெய்தான் காரணம் என்று அந்த நிமிடமே தீர்ப்பும் எழுதிவிட்டேன். நடக்காத விஷயம் கணினிக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரத்தான் செய்தது. நான் அடுத்து எழுதப்போகும் வார்த்தையைக் கைப்பேசி எனக்கு முன்னால் சொல்கிறது; நான் போகப்போகும் வருடத்தை மடிக்கணினி சொல்லாதா என்று அந்தக் கேள்வியை அடக்கினேன். இடது கை மரத்துப்போயிருந்தது. அதன் மேல் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

மனைவி சட்னிக் கிண்ணத்தை எடுக்க வந்தாள். திருநெல்வேலிக்காரி. அவளை இவ்வளவு கவனமாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது.

"நான் உனக்கு ஏதாவது குறை வச்சிருக்கேனா?" என்றேன்.

"எந்த வருஷத்துல இருந்து சொல்லணும்?"

"விளையாடாத. மனசுல இருக்கறதைச் சொல்லு."

"என்னத்துக்கு முகம் இப்படி வெளிறிக் கிடக்கு? வாயுவா? ஓமத்தண்ணி தாரேன், குடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

கணவனின் கடைசி வருடம் ஓமத்தண்ணீரில் கரைவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பால்கனிக்குப் போய் நண்பனுக்குப் போன் போட்டேன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்து, பேச்சில் ஊர் உருது கலந்த தமிழன், எங்கள் கும்பலில் எனக்கு மிக நெருங்கியவன்.

"டேய், உனக்கு என்ன வயசு?"

"உன் வயசுதான். கைக்கு, எதுக்குக் கேக்குறே?"

"நம்ம பேட்ச் மொத்தமும் ஐம்பத்து மூணோட காலிடா."

"ஹவ்வா, அப்படியா? ரிட்டயர்மென்ட் அறுபதுல தானே?"

"வேலையில இல்லடா. உயிரோட காலி. என் பொண்ணு கம்ப்யூட்டர்ல பார்த்தேன். எல்லாக் கோடும் நிக்குது."

அவன் மெல்லிய குரலில், "அரே பாபா, நான் நேத்துதான் புது பைக் புக் பண்ணேன்" என்றான்.

"கேன்சல் பண்ணு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் பேட்சின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். "நண்பர்களே, பதற வேண்டாம்" என்று ஆரம்பித்தேன். அப்படி ஆரம்பிக்கும் குரலைக் கேட்டுப் பதறாத மனிதன் இன்னும் பிறக்கவில்லை. எல்லாரும் இதயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், கேண்டீன் பக்கம் போகாதீர்கள், மன்னிக்க வேண்டியவர்களை மன்னித்துவிடுங்கள் என்று முடித்தேன். கடைசி வாக்கியத்தில் என் குரல் தழுதழுத்தது எனக்கே பிடித்திருந்தது.

முதலில் கைகூப்பும் பொம்மைகள் வந்தன. ஒருவன் காரை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பிவிட்டதாக எழுதினான். ஒருவனின் மனைவி என் மனைவியைக் கூப்பிட்டு அழுதாள். அப்புறம் ஒருவன் எழுதினான்: "ஒரு நிமிஷம். எங்க வாழ்க்கையை எல்லாம் உன் பொண்ணு உனக்குக் காட்டிட்டாளா? யாரும் பார்க்க மாட்டாங்கன்னு சொன்னியே?" அடுத்தவன், "என்னோடதை அழிக்கச் சொல்" என்றான். அதற்கடுத்தவன், "என்னோடதும்." சாவை ஏற்றுக்கொள்ள முடியாமல் பாவம் கோபப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

மகள் ஒரு கையில் காய்ப்பையும் ஒரு கையில் போனுமாக உள்ளே வந்தாள்.

"அப்பா, லேப்டாப்பைப் பார்த்தீங்களா?"

"அதை விடும்மா. உனக்கு எப்பத் தெரியும்?"

"என்னது?"

"நாங்க எல்லாரும் போகப்போறது."

அவளுக்குப் புரியவில்லை. திரையைக் காட்டி, விரலால் வெள்ளையைத் தொட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அது சாவு இல்லப்பா. அது இன்னும் நடக்கல."

"நடக்கலன்னா?"

"உங்களுக்கு இன்னும் ஐம்பத்து நாலு ஆகல. ஆகாத வயசுக்கு நான் என்ன கலர் போடுவேன்? காலியா விட்டேன். சீனியர்ஸ் எல்லாம் அறுபது தாண்டிட்டாங்க, அவங்களோடது ஃபுல்லா இருக்கு. நல்லா ஓடிட்டிருக்கற பெட்டியை டெஸ்ட் நடுவுல வெளிய எடுத்தா, டெட்னா எழுதுவீங்க?"

எழுத மாட்டேன். 'சோதனை நிறுத்தம், பெட்டி ஓடுகிறது' என்று எழுதுவேன். முப்பது வருடமாக அதையும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். பெட்டிகளுக்குக் காட்டும் நியாயம் எனக்கென்று வந்தபோது தோன்றவில்லை.

உயிர் திரும்பிய சந்தோஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. கத்தவும் இல்லை. பையைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து போனில் தனக்கு வந்த செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனாள்.

"பாதிப் பேர் விலகிட்டாங்கப்பா. யாருக்கும் காட்ட மாட்டேன்னு நான் சொன்னேன். நீங்க பார்த்துட்டீங்க. இப்ப வியாழக்கிழமை நான் யாரை வச்சுப் பேசுறது?"

செத்துப்போவேன் என்று தெரிந்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

"நான் பேசுறேன்மா. நான் சொன்னாக் கேப்பானுங்க."

"நக்கோப்பா, வேணாம். நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. ப்ளீஸ்."

அடுப்படியிலிருந்து மனைவி, "அந்த வாட்ஸ்அப்ப முதல்ல அவர் போன்ல இருந்து எடுத்துத் தூரப் போடு" என்றாள்.

மகள் வழிகாட்டிக்குப் போன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். எல்லாரையும் நேரில் பார்த்து மன்னிப்புக் கேள், முதலிலிருந்து சம்மதம் கேள், போகிறவர்களைத் தடுக்காதே என்று அந்த அம்மா சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மாலை செகந்திராபாத்தில் ஒரு டீக்கடையில் கூடினோம். நான் மகளுக்குப் பக்கத்தில் உட்காரப் போனேன். "அப்பா, நீங்க அந்த டேபிள்" என்று கைகழுவும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த ஒற்றை மேஜையைக் காட்டினாள். அங்கே உட்கார்ந்து, என் சொந்தக் கும்பலை எதிரிநாட்டுக்காரன் போலத் தூரத்திலிருந்து பார்த்தேன். கை கழுவ வந்த ஒவ்வொருவனும் ஒரு கொட்டு வைத்துவிட்டுப் போனான்.

"இன்னுமா உயிரோட இருக்கே?"

"மன்னிக்கச் சொன்னியேன்னு என் மச்சானுக்குப் போன் பண்ணி மன்னிச்சுட்டேன்டா. இப்ப அவன் குடும்பத்தோட பத்து நாள் தங்க வர்றான்."

மகள் எல்லாரிடமும் வெள்ளை என்றால் என்ன என்று விளக்கினாள். தப்பு அவளுடையது என்றாள், திரையைத் திறந்துவைத்துவிட்டுப் போனது அவள்தான் என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அந்த மேஜையிலிருந்து எழுந்துபோய் ஏதாவது சொல்ல நாக்கு துறுதுறுத்தது. டீயை ஊற்றி அதை அடக்கினேன். பிறகு ஒவ்வொருவராக அவள் எதிரில் போய் உட்கார்ந்து, தலையாட்டிவிட்டு எழுந்தார்கள்.

கடைசியாக என் நண்பன் போனான். நிறைய நேரம் பேசினான். திரும்பும்போது என் மேஜைக்கு வந்து நின்றான்.

"நான் மட்டும் வரல."

"டேய், பைக் கோவமா?"

"சீ. நான் உன் பொண்ணுகிட்ட சொன்னதுல சிலது உனக்கே தெரியாதுடா. நல்ல பொண்ணு, காட்ட மாட்டா. இருந்தாலும் வேணாம்."

முப்பது வருடம் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டிருக்கிறோம். எந்த வருடம், என்ன நிறம் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட முதல் சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும். அவன் என் தோளைத் தட்டிவிட்டு, என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனான்.

மற்ற எல்லாரும் இருக்கச் சம்மதித்துவிட்டார்கள். ஆய்வு பிழைத்தது. நானும் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

புதன்கிழமை மாலை மகள் என்னைக் கூப்பிட்டாள். "மேடம் சொல்லிட்டாங்கப்பா. மத்தவங்களோடதைப் பார்த்த ஆள் உள்ள இருக்கக்கூடாதாம். உங்களோடதை எடுக்கணும். நீங்க பார்த்துட்டு இருக்கும்போதே எடுக்கலாம்னு நினைச்சேன்."

"தாராளமா எடு" என்றேன். வீரன் மாதிரி.

நண்பனின் ரிப்பன் முன்பே போயிருந்தது. மகள் ஒரு ரிப்பனைத் தொட்டாள். முதல் தடவையாக அது என்னுடையது என்று தெரிந்தது. கீழிருந்து ஏழாவது. சாம்பலில் நான் தவித்த தவிப்பெல்லாம் அதில் சிறு நகத்துண்டு அளவுதான். ஒரு பொத்தானை அழுத்தினாள். அந்த இடத்தில் ஒரு ஓட்டை விழும், ஒரு வெள்ளைக் கோடாவது தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்தவை எல்லாம் ஒரு படி கீழே இறங்கின. அவ்வளவுதான். அடுக்கு முழுசாக, பச்சைப் பசேல் என்று இருந்தது.

"எங்கம்மா?"

"எது எங்க?"

"என் இடம்."

"அப்படியெல்லாம் இருக்காதுப்பா. மேல இருக்கறது கீழ வந்துடும்."

மறுபடி கணக்கை ஓட்டினாள். கூட்டங்கள் அப்படியே இருந்தன. யாரும் யாரைவிட்டும் விலகவில்லை. கேண்டீனில் என் மாதிரி ஆள் கிடையாது என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுமே மாறலப்பா!" ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம். "நீங்க இல்லாமலும் அதே ரிசல்ட். நாளைக்கு தைரியமா சொல்லுவேன்."

மனைவி வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "எடுத்தாச்சா?" என்றாள் மகளிடம். பிறகு என்னிடம், "வலிச்சுதா?"

"சேச்சே" என்றேன். மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் மடிக்கணினியை மூடப் போனாள். இரு, இன்னும் ஒரு நிமிஷம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.