போட்டு ஏறாத சனம்

போன வாரம் குளுரு தாங்காம, போர்வ எடுக்கலாம்னு தகரப் பொட்டியத் தொறந்தேனுங்க. அந்துருண்ட வாசம் குப்புனு மூக்குல ஏறுச்சு. போர்வைக்கு அடியில, மடிச்சு வச்ச மேனிக்கு, ஒரு மங்கிக் குல்லா. அரக்கு நெறம். உச்சியில குஞ்சம் ஒண்ணு இருந்துச்சு, அத எலி தின்னுச்சோ, சின்னப் புள்ளையில என்ற பேத்தி தின்னாளோ தெரீல.

"அம்மாயி, இது அப்புச்சியோட குல்லாவா?"ன்னு பேத்தி கேட்டா, அவ தாத்தாவ, என்ற ஊட்டுக்காரர நெனச்சு.

"உன்ற அப்புச்சிக்கு ஏது கண்ணு இத்தாப் பெரிய தல? உள்ள எதாச்சும் இருந்தாத்தான பெருசா இருக்கும்"னு சொல்லிப்போட்டு, குல்லாவ ஒரு தடவ மோந்து பாத்தேன். அந்துருண்டைக்கு அடியில இன்னொரு வாசம் வர்ற மாதிரி இருந்துச்சு. மூக்குப்பொடியாட்ட. மூக்குக்கு வயசானா இல்லாத வாசமெல்லாம் வரும், அத உடுங்க.

அந்தக் குல்லா என்ற கைக்கு வந்த காலத்துல நான் ஏற்காடு ஏரிக்கரைக்குப் பக்கத்துல ஒரு லாட்ஜுல வேலைக்கு இருந்தேன். ரூம் கூட்டறது, பெட்சீட்டு மாத்தறது, விடியக்கால சுடுதண்ணி பக்கெட்டு தூக்கறது. நம்ம படிப்புக்கு அதுவே பெரிய உத்தியோகம். சீசன் வந்தா சேலம், ஈரோடு, மெட்ராஸுன்னு சனம் குடும்பம் குடும்பமா வந்து எறங்கும். எல்லாருக்கும் ஒரே நெனப்பு, ஏரியில போட்டு, அதான் படகு, உடோணும். பல்லு வெளக்கறானோ இல்லியோ, போட்டுக்கு மொத ஆளா நிப்பான்.

ஆனா ஒவ்வொரு குடும்பத்துலயும் போட்டு ஏறாத சனம்னு ஒண்ணு ரெண்டு பேரு மிஞ்சுவாங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணு, தல சுத்தற மாமியா, சோசியக்காரன் தண்ணியில கண்டம்னு சொல்லி வச்ச மாமனாரு. தண்ணியில கண்டம்னு ஏரியப் பாத்தாலே கண்ண மூடிக்கிட்ட ஒருத்தரு, பொழுது சாஞ்சா வேற தண்ணிய மட்டும் கண்டமில்லாம ஊத்திக்குவாரு. சோசியக்காரன் எந்தத் தண்ணின்னு தெளிவாச் சொல்லோணுமில்லீங்க?

இந்த மிச்சச் சனம் வராந்தாவுல உக்காந்துக்கிட்டு மேனேஜர் உசுர வாங்கும். காப்பி கேப்பாங்க, குடிச்சிட்டுக் குளுருதும்பாங்க, கதவச் சாத்துனா இருட்டா இருக்குதும்பாங்க. மேனேஜர் பொறுத்துப் பொறுத்துப் பாத்தாரு. ஒருநா என்னியக் கூப்ட்டு, "ஏம்மா, இந்தப் போட்டு ஏறாத சனத்த எல்லாம் காலையில எங்கியாச்சும் ஓட்டிக்கிட்டுப் போயி, பொழுதோட கொண்டாந்து கட்டிரு"ன்னாரு. மாட்டச் சொல்ற மாதிரியே சொன்னாரு. அன்னைக்குப் புடிச்சு நான் மேய்ச்சக்காரியாயிட்டேன்.

ஆனா ஒண்ணுங்க. ஏற்காட்ட நெசமாப் பாத்தது அந்தச் சனந்தான். போட்டு ஏறுனவங்க ஏரிய மட்டும் சுத்திச் சுத்திப் பாத்துட்டு ஊருக்குப் போயிட்டாங்க. ஏறாதவங்களுக்கு நான் காப்பி பூத்த தோட்டத்தக் காட்டியிருக்கேன். மழ பேஞ்ச மறு வாரம் ராத்திரியோட ராத்திரியா காடே வெள்ளையாப் போயிரும், மல்லியப்பூ மூட்டைய அவுத்துக் கொட்டுன மாதிரி வாசம். வாயாடிப் பொம்பளைங்ககூட வாய மூடிருவாங்க. பக்கோடா பாயிண்ட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவேன். வெள்ளக்காரன் பேச்சுல பகோடான்னா கோபுரமாம், அங்க கல்லத்தான் கோபுரமா அடுக்கி வச்சிருக்கும். "எங்கம்மா பக்கோடா?"ன்னு கேக்காத ஆளே கெடையாது. கேட்டவங்க ஏமாறக் கூடாதுன்னு நானே கடையில ஒரு பொட்டலம் வாங்கி மடியில கட்டிக்கிட்டுப் போவேன். "இந்தாங்க பக்கோடா, அந்தா பாயிண்டு"ம்பேன்.

அப்படி ஒரு சீசன்லதான் இந்த அரக்குக் குல்லாக்காரரு, கையில மூக்குப்பொடி டப்பியோட வந்தாரு. ஓமலூரு பக்கம், வெவசாயக் குடும்பம். ஐயா, அம்மா, ரெண்டு மகனுங்க, மருமவளுங்க, புள்ளைங்க. எளசுங்க எல்லாம் போட்டுக்கு ஓடிருச்சு. ஐயாவும் அம்மாவும் வராந்தாவுல ஆளுக்கொரு மூலை. ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல. ஒரு நா ரெண்டு நா சண்டையில்லீங்க, வருசக்கணக்கா. ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு, ஒரே சோத்தத் தின்னுக்கிட்டு, மூணாவது ஆள வச்சுத்தான் பேச்சு. அந்த மூணாவது ஆளு அன்னைக்கு நானு.

"அவகிட்டச் சொல்லும்மா, பஸ்ஸு வருது, பைய எடுக்கச் சொல்லு."

"அவருகிட்டச் சொல்லு அம்மிணி, எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுன்னு."

ரெண்டு பேருக்கும் நடுவுல நான் டெலிபோன் கம்பி. கம்பின்னா வாங்குனத அப்படியே குடுக்கோணும். எனக்கு அந்தப் பழக்கமில்லீங்க. சேர்வராயன் கோயிலுக்குப் போனப்ப, "படி வழுக்குது, கண்ணு மண்ணு தெரியாம உழுந்து தொலையப் போறா, சொல்லு"ன்னாரு ஐயா. நான் அம்மாகிட்ட, "ராசாத்தி, பாத்து நடன்னு ஐயா சொல்றாருங்க"ன்னேன். "ராசாத்தியா? அவரு வாயில ராசாத்தி வந்துச்சுன்னா நாளைக்குச் சூரியன் மேக்கால மொளைக்கும்"னு அம்மா சொன்னாங்க. சொல்லிப்போட்டு முந்தானையச் சரி பண்ணிக்கிட்டாங்க.

கோயில்ல ஒரு வேடிக்க. அந்தம்மா சாமி பேர மட்டும் சொல்ல மாட்டேங்கறாங்க. மேல இருக்கற சாமி, மலச்சாமி, கொகச்சாமின்னு சுத்தி வளைக்கறாங்க. பயபக்தி போலிருக்குதுன்னு நெனச்சேன். என்ற புத்தி அவ்வளவுதான்.

திரும்பி வர்ற பஸ்ஸுல ஐயா முன்னால உக்காந்துக்கிட்டாரு. அம்மா என்ற காதோட சொன்னாங்க. "நாளைக்கு ஊருக்குப் போனதும் எங்களப் பிரிக்கறாங்க அம்மிணி. அவரு சின்னவனோட பம்பாயிக்கு. நானு பெரியவனோட சேலத்துக்கு. ஊட்டப் பூட்டிர்றதாம். பேசாதவங்க எங்கிருந்தா என்னங்கறாங்க."

"நெசந்தானுங்களே, பேசாதவங்க எங்கிருந்தா என்னங்கம்மா?"ன்னு குறும்பாத்தான் கேட்டேன்.

"பேசாட்டிப் போச்சாது. அவரு ராத்திரி இருமற சத்தம் காதுல உழுந்தாத்தான் எனக்குக் கண்ணு சொக்கும்."

"இத ஐயாகிட்டச் சொல்லட்டுங்களா?"

"சொன்னீன்னா உன்ற நாக்க இழுத்து வச்சு அறுத்துப்போடுவேன்."

எத்தனையோ சேதிய மாத்திச் சொன்னவ நானு. மாத்தாமச் சொல்ல வேண்டிய ஒரே சேதி, அதச் சொல்ல உடல.

மத்தியானத்துக்கு மேல லேடீஸ் சீட்டுன்னு பேரு வச்ச மல விளிம்புக்குப் போனோம். நல்ல வெயிலு. கீழ சேலம் மொத்தமும் தெரியுது. அடிவாரத்துல இருந்து பஸ்ஸு ஒண்ணு வளஞ்சு வளஞ்சு மேல ஏறிக்கிட்டு இருக்குது. அந்த எடத்துல நின்னா, நம்ம கஷ்டமெல்லாம் கீழ அந்த ஊருக்குள்ள எங்கியோ கெடக்குது, நாம மட்டும் மேல இருக்கறோம்னு தோணும்.

ஐயா போர்டப் பாத்தாரு. கைத்தடிய ஊனி அப்படியே நின்னுட்டாரு. "என்னம்மா எழுதியிருக்குது?"

"லேடீஸ் சீட்டுங்கய்யா."

"நான் உக்கார மாட்டேன்."

"சீட்டெல்லாம் இல்லீங்க, வெறும் பாறதானுங்க."

"பாறையா இருந்தா என்ன, லேடீஸுன்னு எழுதியிருக்குதில்ல? ஆம்பளைக்கு எங்க?"

ஜென்ட்ஸ் சீட்டுன்னு அக்கட்டால ஒண்ணு இருக்குதுங்க. வெள்ளக்காரன் காலத்துலயே ஆம்பளைக்கு ஒரு பாற, பொம்பளைக்கு ஒரு பாற, புள்ளைங்களுக்கு ஒரு பாறைன்னு பேரு வச்சுட்டுப் போயிட்டானுங்க. கையக் காட்டுனேன். குல்லாவ காது வரைக்கும் இழுத்து உட்டுக்கிட்டு தடியத் தட்டிக்கிட்டு தனியாப் போயிட்டாரு.

"இவருக்கு என்னங்கம்மா, பாறைமேல கோவம்?"

அம்மா சிரிக்கறதா அழுவறதான்னு தெரியாம சொன்னாங்க. அவங்க சண்டைக்குக் காரணமே லேடீஸ் சீட்டுதான். டவுன்பஸ்ஸுல ஒருநா அம்மா பக்கத்துல, பொம்பளைங்க சீட்டுல, ஐயா உக்காந்திருக்காரு. கைக்கொழந்தையோட ஒரு பொண்ணு ஏறியிருக்கா. கண்டக்டர் எந்திரிக்கச் சொல்ல, ஐயா அசையல. அம்மா பஸ்ஸே கேக்கற மாதிரி, "எந்திரிங்க, வெக்கமா இல்ல?"ன்னு கேட்டுட்டாங்க. எந்திரிச்சாரு. அன்னைக்கு மூடுன வாயி.

அம்மா சொல்லி முடிக்கல, மேகம் எறங்கிருச்சு. எங்க மல மேகத்தப் பத்தி எனக்கு ஒரு பெருமைங்க. வர்றேன்னு சொல்லாது. மொதல்ல அந்தப் பஸ்ஸ முழுங்குச்சு. அப்புறம் மரத்த. அப்புறம் நீட்டுன என்ற கையவே காணம். அழகுன்னா அழகு, ஆனா அன்னைக்கு ஐயா அக்கட்டால தனியா நிக்கறாரு. ஜென்ட்ஸ் சீட்டுல அப்ப கம்பி தடுப்பெல்லாம் கெடையாது. ஒரு அடி தப்புனா நேரா அடிவாரந்தான்.

அம்மா எந்திரிச்சு நின்னாங்க. அத்தன வருசத்துப் பூட்டும் ஒடஞ்சு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க.

"ஏனுங்க...!"

மேகத்துக்குள்ள இருந்து பதிலு வந்துச்சு. "ஏன்?" இன்னொரு பக்கம், "என்ன புள்ள?" அதுக்கு அப்பால, "இங்கதான்டி நிக்கறேன், கத்தாத!" எங்க சேலத்துப் பக்கம் எல்லாப் புருசனுக்கும் ஒரே பேரு தானுங்க. ஒரு ஏனுங்கவுக்கு ஜென்ட்ஸ் சீட்டே எந்திரிச்சு நிக்குது. அதுல மொதல்ல ஏன்னு கேட்டது எனக்கு நல்லாத் தெரிஞ்ச கொரலு. என்ற ஊட்டுக்காரரு! எஸ்டேட்டுக்கு மொளவுக்கொடி கட்டப் போறேன்னு காலையில சோத்துத் தூக்குப்போசி எடுத்துக்கிட்டுப் போன மனுசன், அங்க பீடி குடிச்சிக்கிட்டு நின்னிருக்காரு. அந்தக் கணக்க அப்புறம் ஊட்டுல தீத்துக்கிட்டேன்.

"இதுல ஒண்ணும் அவரு கொரலு இல்ல"ன்னு அம்மா என்ற தோளப் புடிச்சு உலுக்கறாங்க.

"ஐயா பேரச் சொல்லுங்கம்மா, நான் கூப்படறேன்."

"காலையில கும்புட்டமே, அந்தச் சாமி..."

"சாமியப் பொறவு கூப்படலாமுங்க, ஐயா பேரச் சொல்லுங்க!"

"அடி கூறுகெட்டவளே, அதான்டி அவரு பேரு!"

எனக்கு வெளங்கறதுக்குள்ள அவங்களே கூப்ட்டுட்டாங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நாக்குல வராத பேரு. "சேர்வராயா...!"

எவனோ ஒருத்தன் சாமி வந்துருச்சுன்னு நெனச்சு "கோவிந்தா!"ன்னான். அதுக்குப் பொறவு, மெதுவா, பள்ளத்துப் பக்கமா இருந்து ஒரு கொரலு.

"ஏன்டி, பேரச் சொல்லிக் கூப்படற அளவுக்குப் பெரிய மனுசியாயிட்டியா?"

"நில்லுங்க! காலத் தூக்காதீங்க! பேசிக்கிட்டே இருங்க, சத்தத்த வச்சு நான் வர்றேன்."

"என்னத்தப் பேசறது?"

"பஸ்ஸுல நடந்ததப் பேசுங்க! என்னியத் திட்டுங்க!"

திட்டுனாரு பாருங்க. பஸ்ஸுல ஆரம்பிச்சாரு, மகன் கல்யாணத்துக்கு வந்தாரு, உப்புப் போடாத ரசத்துக்குப் போனாரு. சேத்து வச்சிருந்த அத்தனையும் மேகத்துக்குள்ள கொட்டறாரு. அந்தத் திட்டு சத்தத்தக் கவுறாட்டப் புடிச்சிக்கிட்டு அம்மா முன்னால, நான் பின்னால, பாறையத் தடவித் தடவிப் போனோம். ரசத்துல இருக்கறப்ப கைக்குக் கெடைச்சுட்டாரு. எட்டி வச்சிருந்தா பள்ளம்.

"ஏனுங்கன்னு கூப்ட்டது காதுல உழுவல?"

"உழுந்துச்சு. நம்மள யாரு கூப்படப் போறான்னு இருந்துட்டேன்."

அம்மா எட்டி, அவரு தலையில இருந்து குல்லாவ உருவி என்ற கையில திணிச்சாங்க. "இத நீயே வச்சுக்க கண்ணு. இவரு காது இனிமே தொறந்தே இருக்கட்டும்."

பொழுதோட லாட்ஜுக்கு வந்தா, மகனுங்க வராந்தாவுல பொட்டிய ரெண்டா பிரிச்சு அடுக்கிக்கிட்டு இருக்காங்க. ஐயா பாத்தாரு. பழக்கத்துல என்ற பக்கம் திரும்பி, "அவகிட்டச் சொல்லு..."ன்னு ஆரம்பிச்சாரு. நிறுத்திட்டாரு. நேரா அம்மாவப் பாத்துக் கேட்டாரு.

"நம்ம ஊட்டுச் சாவி எங்க?"

"என்ற மடியிலதானுங்க இருக்குது."

அவ்வளவுதான். பெரிய மகன் கையில இருந்த துணிய அப்படியே கீழ வச்சுட்டான். டெலிபோன் கம்பிக்கு அன்னைக்கோட வேல போச்சு. அந்த மாதிரி வேல போறதுல எவ்வளவு சந்தோசம்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

இப்ப அந்த லாட்ஜு இல்லீங்க, இடிச்சு மூணு மாடி கட்டிட்டாங்க. போட்டு ஏறாத சனம் ரூமுக்குள்ளயே போனத் தேச்சுக்கிட்டு இருக்குது, மேய்க்க ஆளு வேண்டியதில்ல. மேகமும் அந்தக் காலத்தாட்ட எறங்கறதில்ல.

குல்லா கெடைச்ச மறுநா, பேத்தியும் அவ ஊட்டுக்காரனும் என்னியக் காருல வச்சு ஜென்ட்ஸ் சீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. கம்பி போட்டிருக்காங்க, நல்லதுதான். பேத்தி அவனப் பேரச் சொல்லி, டேய் போட்டுத்தான் கூப்படறா. அதுவும் கேக்க நல்லாத்தான் இருக்குது. அவனும் திரும்பறானில்ல, போதும்.

என்ற நேரத்துக்கு, கொஞ்சமா ஒரு மேகம் வந்துச்சு. எனக்குப் பழைய குறும்பு. சுத்தி ஆம்பளைங்க நெறைய நிக்கறாங்க. அடிவயித்துல இருந்து ஒரு சத்தம் குடுத்தேன். "ஏனுங்க...!"

ஒரு தலை திரும்பல. எல்லாக் காதுலயும் ஒயரு. அந்தக் காலத்துல, எவளோ எவனையோ கூப்ட்டாலும், பீடியக் கீழ போட்டுட்டு ஏன்னு கேக்க எனக்கு ஒருத்தரு இருந்தாரு.