அப்படி யாரும் இங்கே இல்லை

தூக்கம் கெட்டவர்களுக்காகவே சில படங்களை எடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இரண்டாயிரம் பிறந்த அந்த வருடங்களில் எனக்கு ராத்திரி வேலை. அமெரிக்காக்காரர்களின் வாஷிங் மெஷின் புலம்பல்களைப் போனில் கேட்க வேண்டும். அதற்குக் கம்பெனி ஒரு வெள்ளைக்காரப் பெயர் கொடுத்திருந்தது. அந்தப் பெயரில் விடிய விடியச் சிரித்துப் பேசிவிட்டு பெங்களூர் மர்பி டவுன் சந்துமுனையில் வண்டியை விட்டு இறங்கும்போது, உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். படுத்தால் கண் மட்டும் மூடாது.

வீட்டில் நானும் அக்காவும்தான். அப்பா, அம்மா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. அக்காவுக்குக் கார்மெண்ட்ஸில் தையல் வேலை. நான் உள்ளே நுழையும்போது அவள் டிபன் பாக்ஸோடு செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். சாதம் மூடி வைத்திருக்கிறேன், சாப்பிட்டுத் தூங்கு என்பாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் பேசியது தினமும் அவ்வளவுதான்.

லிங்கராஜபுரத்து சிடி கடையில், யாரும் எடுக்காத படங்களைக் கீழ்த்தட்டில் போட்டிருந்தார்கள். நான் ஒன்றை உருவினதும் கடைக்காரர், "பேடம்மா, வேணாம், மண்டை காஞ்சிடும்" என்றார். எனக்கென்ன, ஏற்கெனவே காய்ந்த மண்டைதானே.

படத்தில் ஒரு பெண் புது வீட்டுக்குக் குடிவருகிறாள். போன் அடிக்கிறது. முன்பு அங்கே இருந்தவளின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். அசதியில் ஆமாம் என்றுவிடுகிறாள். மறுநாள் பால்காரன் அதே பெயரில் கூப்பிடுகிறான். பிறகு தெருவே கூப்பிடுகிறது. நடுவில் சமையலறைக்குள் கடல் வருகிறது. ஏனென்று யாரும் கேட்பதில்லை. கடைசியில் இவளைப் பெற்ற தாயே கதவைத் தட்டி மகளைக் கேட்கிறாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள் இவள்.

இரண்டு டிஸ்க்கில் இரண்டாவதைத்தான் முதலில் போட்டேன் என்பது படம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அன்றிலிருந்து பைத்தியம் பிடித்த மாதிரி கீழ்த்தட்டையே காலி செய்தேன். விழித்திருக்கிறேனா, கனவா என்று தெரியாத என் பகல்களை யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் உட்காரவைத்து முதல் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் அவ இல்லன்னு சொல்றதுக்கு இவளுக்கு என்ன கேடு?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். சினிமா தெரியாதவள் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். என் திமிர்.

அக்காவுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த வரன்கள் எல்லாம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லிப் போயின. அல்சூர்ப் பையன் ஒருவனின் போட்டோவை மட்டும் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். அவன் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. திடீரென்று புதன்கிழமை காலையில், இன்றே நல்ல நாள், சாயங்காலம் வருகிறோம் என்று கார்மெண்ட்ஸுக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் பொதுப் போனுக்கு வரிசையில் நின்று அக்கா வீட்டுக்குப் போன் போட்டாள்.

அன்று ஒரு படத்தை முடித்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தேன். மணி அடித்தது. கை தானாக எடுத்தது, வாய் தானாக அந்த வெள்ளைக்காரப் பெயரைச் சொன்னது, என்ன உதவி வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டது. யாரோ தமிழில் பாப்பா இருக்கிறாளா என்றார்கள். பாப்பா என்பது வீட்டில் என் பெயர். அப்படி யாரும் இங்கே இல்லை என்று அதே இங்கிலீஷில் சொன்னேன். "சாரி மேடம்" என்றது அந்தக் குரல். போனை வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். கனவில் படத்தின் மிச்சம் ஓடுகிறது என்றே நினைத்தேன்.

கதவு தட்டும் சத்தத்தில் எழுந்தபோது சாயங்காலம். கசங்கிய நைட்டியோடு திறந்தேன். பட்டுப்புடவையில் ஓர் அம்மாள், தட்டோடு இரண்டு பேர். கட்டிலில் துவைக்காத துணி, தரையில் டிஸ்க்குகள், அணைக்காத டிவி. இந்நேரம் வரைக்கும் தூக்கமா என்று அந்த அம்மாள் கேட்டார். ராத்திரி வேலை என்றேன். பொம்பளைப் பிள்ளைக்கு ராத்திரியில் என்ன வேலை என்றார். உட்காரச் சொன்னேன். பால் வாங்க ஓடி நான் திரும்புவதற்குள் தட்டோடு போய்விட்டார்கள்.

அக்கா பூவும் ஸ்வீட் பொட்டலமுமாக வந்து சேர்ந்தபோது வாசலில் நான் மட்டும் நின்றிருந்தேன். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சொல்லியிருந்தால் எழுந்திருப்பேனே அக்கா என்று அழுதேன்.

"பண்ணேன் பாப்பா. ராங் நம்பர் போயிடுச்சு. யாரோ வெள்ளக்காரம்மா எடுத்துச்சு. மறுபடி பண்றதுக்குள்ள சாப்பாட்டு நேரம் முடிஞ்சு பெல் அடிச்சிட்டாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்தான் அக்கா அது என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்கு என்ன கேடு? மூன்று வருடம் கழித்து அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, ஓசூருக்குப் போகிற அன்றுதான் சொன்னேன். பூ வைத்துக்கொண்டிருந்த கை நின்றது. தெரியும் என்றாள்.

இப்போதும் ஓசூரிலிருந்து போன் வரும். நான் ஹலோ என்றதும் பேசமாட்டாள். "யாரு பேசறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். பாப்பாதான் பேசுகிறேன் அக்கா என்று நான் சொன்ன பிறகுதான், சாப்பிட்டாயா என்று கேட்பாள்.